பேட்டரி லோடு வண்டி: வாங்குமுன் ஒரு கணக்கு



சரக்குக் கொள்முதலில் நாம் காட்டுகிற கவனத்தை, அந்தச் சரக்கைச் சுமக்கும் வண்டியை வாங்குவதில் காட்டுவதில்லை. மூட்டைக்கு ஐந்து ரூபாய் குறையுமா என்று நாலு மண்டிக்குப் போன் போட்டு விசாரிக்கிற நாம், லட்சக்கணக்கில் விலையுள்ள லோடு ஆட்டோவை, ஷோரூமில் கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிவு செய்து முன்பணம் கட்டிவிடுகிறோம். இப்போது பேட்டரி வண்டி வந்திருக்கிறது. மதுரை கீழமாசி வீதியிலும், சேலம் லீ பஜாரிலும், சென்னை கோயம்பேட்டிலும் பச்சை நம்பர் பலகை மாட்டிய லோடு ஆட்டோக்களைக் காண்கிறோம். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் அண்ணாச்சி" என்று விற்பனையாளர் சொல்கிறார். அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறார். மறுபக்கத்தையும் எழுதிப் பார்ப்பதற்கே இக்கட்டுரை.

முதலில் வண்டியின் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். டீசலை லிட்டரில் அளப்பது போல மின்சாரத்தை யூனிட்டில் அளக்கிறோம். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பேட்டரியின் கொள்ளளவையும் இதே யூனிட்டில்தான் சொல்கிறார்கள். கிலோவாட் மணி என்று விளம்பரத்தில் அச்சிடுவது இதைத்தான். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி அடங்கியிருக்கிறது. ஆனால் என்ஜின் அதில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மற்றதெல்லாம் சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது. மின்மோட்டாரோ தனக்குக் கிடைத்ததில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். நின்றுகொண்டிருக்கும்போது ஒன்றும் தின்னாது. பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்தில் இறங்கும்போதும் மோட்டாரே டைனமோவாகி, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும்.

ஆகவே கடைக்குக் கடை நின்று சரக்கு இறக்கும் 'லைன்' வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இங்கிலாந்தில் வீடு வீடாகப் பால் போடும் வியாபாரிகள், சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி பேட்டரி வண்டிகளில்தான் பால் போட்டார்கள். ஈயப் பேட்டரி; வேகமும் மணிக்கு 25 கிலோமீட்டர் அளவில்தான். ஆனால் விடியற்காலையில் கிளம்பி, அளந்த தெருக்களைச் சுற்றி, மதியத்துக்குள் அதே கொட்டகைக்குத் திரும்பும் வண்டிக்கு அதுவே தாராளமாகப் போதுமானதாக இருந்தது. உங்கள் வண்டியின் ஓட்டம் அந்தப் பால் வண்டியைப் போன்றதா, இல்லை நினைத்த நேரத்தில் நினைத்த ஊருக்குக் கிளம்புவதா? பேட்டரி வண்டி உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்பதைப் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியே தீர்த்துவிடும்.

கணக்கைப் பார்ப்போம்

கீழே வருவன நாம் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். முறைதான் முக்கியம்.

டீசல் லோடு ஆட்டோ லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தருகிறது, டீசல் விலை 92 ரூபாய் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 68 காசு ஆகிறது. பேட்டரி லோடு ஆட்டோ, சுமையோடும் நிறுத்தங்களோடும், சார்ஜ் போடும்போது வீணாவதையும் சேர்த்து, யூனிட்டுக்கு 8 கிலோமீட்டர் ஓடுவதாகவும், கடை மீட்டரில் யூனிட் 10 ரூபாய் விழுவதாகவும் வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 25 காசு. மிச்சம் 2 ரூபாய் 43 காசு.

இதே தரத்து டீசல் வண்டியைவிடப் பேட்டரி வண்டியின் விலை ஒரு லட்சம் அதிகம் என்றும், அந்த லட்சத்துக்கு வருட வட்டி 12 சதவீதம் என்றும் கொள்வோம்.

மொத்த வியாபாரி ஒருவரின் வண்டி நாளுக்கு 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடுகிறது. மாதம் 1,560 கிலோமீட்டர். மிச்சம் 3,790 ரூபாய். வருடத்துக்குச் சுமார் 45,500 ரூபாய். இதிலிருந்து வட்டியும் அசலுமாகக் கழித்து வந்தால், கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சம் மூன்று ஆண்டு முடிவதற்குள் அடைந்துவிடும்.

சில்லறைக் கடைக்காரர் ஒருவரின் வண்டி நாளுக்கு 20 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. மண்டிக்கு ஒரு நடை, இரண்டு வீட்டு டெலிவரி, அவ்வளவே. அவருக்கு வருடம் முழுவதும் மிச்சமாவது 15,160 ரூபாய். முதல் வருட வட்டிக்கே 12,000 போய்விடும். இந்த நடையில் அசல் அடைவதற்குள் வண்டி இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அவருக்கு வாடகை லோடு ஆட்டோவே மேல். அல்லது இருக்கிற வண்டியை ஓடும் வரை ஓட்டுவது மேல். பேட்டரி வண்டியின் விலை குறையக் குறைய இந்தத் தீர்ப்பு மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டீசல் வண்டிக்கும் அதற்கும் விலை வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கு வந்துவிட்டால் அவரும் யோசிக்கலாம்.

ஆக, அதிகம் ஓடும் வண்டிக்கே ஆதாயம் அதிகம். பேட்டரி வண்டியை வாங்கி நிறுத்தி வைத்திருப்பது, சரக்கை வாங்கிக் கிடங்கில் பூட்டி வைத்து வட்டி கட்டுவதற்குச் சமம்.

ஆனால் 60 கிலோமீட்டர் ஓட்டும் நம் மொத்த வியாபாரியும் இத்துடன் கணக்கை மூடிவிடக் கூடாது. பேட்டரி தேயும் பொருள். ஒரு லட்சம் கிலோமீட்டர், அதாவது அவருடைய ஓட்டத்துக்கு ஐந்தே கால் ஆண்டு, உழைத்தபின் அதை மாற்ற வேண்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த லட்சம் கிலோமீட்டரில் அவர் மிச்சப்படுத்தியது 2,43,000 ரூபாய். கூடுதல் விலை ஒரு லட்சமும், வட்டி சுமார் 23,000 ரூபாயும் போகக் கையில் நிற்க வேண்டியது 1,20,000. எட்டு யூனிட் பேட்டரியை யூனிட்டுக்கு 15,000 ரூபாய் வீதம் புதிதாக வாங்கினால் ஆகும் செலவும் அதே 1,20,000!

பார்த்தீர்களா? மிச்சம் என்று நாம் நினைத்தது மிச்சம் அல்ல; அடுத்த பேட்டரிக்கான முதல். டீசலைத் தினமும் பங்கில் வாங்குகிறோம். பேட்டரி வண்டியில் அந்த டீசலின் பெரும்பகுதியை ஐந்து ஆண்டுக்கு முன்பே மொத்தமாகக் கொள்முதல் செய்துவிடுகிறோம். மாதம் 3,790 ரூபாயைக் கல்லாவிலிருந்து எடுத்து வீட்டுச் செலவுக்கும் கல்யாண மொய்க்கும் போட்டுவிட்ட வியாபாரி, ஆறாம் வருடம் பேட்டரி மாற்றக் கடன் வாங்கப் போவார். "பேட்டரி வண்டி நம்மை ஏமாற்றிவிட்டது" என்று ஊரெல்லாம் சொல்வார். ஏமாற்றியது வண்டி அல்ல, பேரேடு. வண்டி எடுத்த மாதமே தனியாக ஒரு தொடர் வைப்பு ஆரம்பித்து, கடன் தவணை போக மீதியை அதில் கட்டி வருவதே சரியான வழி.

அப்படியானால் ஆதாயம் எங்கே என்று கேட்பீர்கள். மூன்று இடத்தில் இருக்கிறது. என்ஜின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் தட்டு, இன்ஜெக்டர், சைலன்சர் இவையெல்லாம் பேட்டரி வண்டியில் கிடையாது. டயர், பிரேக், சஸ்பென்ஷன், விளக்கு ஆகியவற்றின் செலவு மட்டும் வழக்கம்போல் உண்டு. மெக்கானிக் கடையில் வருடம் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பது உங்கள் சிட்டையில் இருக்கும். அதை மேற்படி கணக்கில் சேர்க்கவே இல்லை, அது சுத்த லாபம். அடுத்து, இரண்டாவது லட்சம் கிலோமீட்டரில் கூடுதல் விலையும் வட்டியும் இல்லை. பேட்டரிச் செலவு போக 1,23,000 ரூபாய் நிற்கும். மூன்றாவது, பேட்டரி விலையே இறங்குமுகமாக இருக்கிறது. உலகச் சந்தையில் 2010-ஆம் ஆண்டு இருந்த விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. ஐந்து ஆண்டு கழித்து நீங்கள் வாங்கப் போகும் பேட்டரி இன்றைய விலைக்கு விற்காது என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. ஆனால் எதிர்பார்ப்பை வரவில் எழுதக் கூடாது.

கேஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்குக் கிலோமீட்டர் செலவு டீசலைவிடக் குறைவாக இருப்பதால், மேற்கண்ட மிச்சமும் குறையும். அவசரப்பட வேண்டாம்.

பேட்டரி என்ன ரகம்?

பருப்பில் நாட்டு ரகம், இறக்குமதி ரகம் என்று தரம் பார்க்கிறோம் அல்லவா? பேட்டரியிலும் ரகம் உண்டு. ஈய ஆசிட் பேட்டரி விலை மலிவு. ஆனால் பாரம் அதிகம், தினசரி ஓட்டத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் கை கழுவ வேண்டியதுதான். மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத இ-கார்ட் வண்டிகளில் இது அதிகம். இ-கார்ட்டுக்குச் சட்டப்படி சரக்கு 310 கிலோதான் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறு மூட்டை அரிசி ஏற்றினால் முடிந்தது. மண்டி வேலைக்கு அது உதவாது.

லித்தியத்தில் இரண்டு ரகம் முக்கியமானவை. நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட் கலந்தது எடைக்கு அதிக ஓட்டம் தரும். இரும்பு பாஸ்பேட் ரகம் சற்றுக் கனம்; ஆனால் சூட்டைத் தாங்கும், அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம், தீப்பிடிக்கும் சுபாவமும் குறைவு. நம் ஊர் கத்திரி வெயிலுக்கும் நாள்தோறும் ஓடும் லைன் வண்டிக்கும் இரும்பு பாஸ்பேட் ரகமே ஏற்றது என்பது நம் கருத்து. என்ன ரகம் என்று ஷோரூமில் கேளுங்கள். பதில் தெரியாத விற்பனையாளரிடம் வண்டி வாங்காதீர்கள்.

வாரண்டிச் சீட்டில் எத்தனை வருடம் என்பதோடு, எத்தனை கிலோமீட்டர் என்றும், கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்றும் பார்க்க வேண்டும். "3 வருடம் அல்லது 80,000 கிலோமீட்டர், எது முந்தியோ அது" என்று போட்டிருந்தால், நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது இரண்டரை வருட வாரண்டிதான். ஒரு முறை சார்ஜ் போட்டால் இத்தனை கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் இருப்பது சோதனைக் கூடத்தில் எடுத்த அளவு. அதில் 30 சதவீதத்தைத் தள்ளிவிட்டு மீதியை நம்புங்கள். பேட்டரி பழசாகும்போது அந்த மீதியும் படிப்படியாகக் குறையும். ஆகவே 60 கிலோமீட்டர் லைனுக்கு, புதிதில் நிஜமாக 80 ஓடக்கூடிய வண்டி வேண்டும்.

வரியும் மானியமும்

மின்வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம். டீசல் லோடு ஆட்டோவுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. 13 சதவீதம் லாபம் என்று விற்பனையாளர் இதைப் பெரிதாகச் சொல்வார். சற்று நில்லுங்கள். சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டும் வணிகருக்கு உரிமை உண்டு. அந்த வரித் தொகைக்குத் தேய்மானம் கோராமல் இருந்தால் போதும். அவருக்கு 5-ம் 18-ம் முடிவில் ஏறக்குறைய ஒன்றுதான். விலையை ஒப்பிடும்போது வரி நீக்கிய விலைகளைத்தான் அவர் ஒப்பிட வேண்டும். காம்போசிஷன் முறையில் இருக்கும் சிறு வணிகருக்கு உள்ளீட்டு வரி கிடையாது; 5 சதவீதத்தின் முழு அருமை அவருக்குத்தான்.

மத்திய அரசு மானியம் கரையும் பனிக்கட்டி. இருசக்கர மின்வாகனத்துக்கு 2021-இல் யூனிட் கொள்ளளவுக்கு 15,000 ரூபாய் இருந்தது, 2023 ஜூனில் 10,000 ஆகி, 2024-இல் 5,000 ஆகி, 2025-இல் 2,500-க்கு இறங்கியது. ஃபேம் இரண்டாம் கட்டம் 2024 மார்ச் 31-உடன் முடிந்தது. பிறகு வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்திலும் படிப்படியாகக் குறைப்பதே கொள்கை. மானியத்தை நம்பிக் கணக்குப் போடாமல், மானியம் இல்லாமலே கட்டுபடியாகிறதா என்று பாருங்கள். சாலை வரி விலக்கும் அப்படியே. தமிழ்நாடு அரசின் 2019, 2023 மின்வாகனக் கொள்கைகளில் விலக்கு உண்டு என்றாலும், அத்தகைய விலக்குகள் கெடு தேதி உடையவை. முன்பணம் கட்டும் நாளில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வதே முறை.

நிலையாக இருக்கும் வசதி வேறு. 2018 அக்டோபரில் மத்திய அரசு ஆணைப்படி மின்சாரச் சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் பதிவுச் சான்றுக் கட்டணமும் நீக்கப்பட்டது. மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரிமியத்தில் 15 சதவீதத் தள்ளுபடி 2022 ஜூனில் வந்தது. லைசென்ஸ், இன்சூரன்ஸ், எஃப்.சி. ஆகியவை மட்டும் எல்லா வண்டிக்கும் போலவே கட்டாயம். கடைப் பையன்களுக்கு வாங்கும் ஸ்கூட்டரில், 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டதற்குத்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். அதையே யாரோ ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கூட்டினால், விபத்து நேரும் நாளில் பொறுப்பு முதலாளியின் தலையில் விழும்.

சார்ஜ் போடும் இடம்

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்தபின், ஏ.ஐ.எஸ். 156 என்னும் பேட்டரிப் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டமாக அமலுக்கு வந்தது. அதற்கு முன் தயாரான இருப்பு வண்டியையோ, யாரோ பிரித்துச் சேர்த்த பேட்டரியையோ மலிவு என்று வாங்காதீர்கள்.

நம் கடைகளின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். கீழே கடை, பின்னால் கிடங்கு, மாடியில் குடும்பம். ஒரே மாடிப்படி. கிடங்கில் சாக்கு, அட்டைப் பெட்டி, எண்ணெய் டின், தீபாவளி சமயத்தில் வேறு சில சரக்கும். அந்தக் கிடங்கிலோ மாடிப்படிக்குக் கீழேயோ வண்டியை நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. வெளி வாசல், கூரை போட்ட திறந்த இடம், காற்றோட்டமான கொட்டகை, இவையே ஏற்றவை. அப்படி இடமில்லாதவர்கள், வண்டி எவ்வளவு ஆதாயமானாலும், இடம் ஏற்பாடு செய்த பிறகே வாங்க வேண்டும். ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி நேரம் ஆற விடுங்கள். மழை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கம்பெனி ஆள் பார்க்காமல் சார்ஜில் போடக் கூடாது. புகை வந்தால் சாம்பிராணி போல ஊதி அணைக்கப் பார்க்காதீர்கள். ஆட்களை வெளியேற்றி 101-க்குச் சொல்லுங்கள்.

மின் இணைப்பு விஷயம். எட்டு யூனிட் பேட்டரி 2 கிலோவாட் சார்ஜரில் நிறைய நாலரை மணி நேரம் ஆகும். ஃபிரிட்ஜ், தராசு, விளக்கு ஓடும் பழைய ஒயரில் இதையும் ஏற்றினால் ஒயர் சூடாகும். மெயின் பலகையிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., ஆளைக் காக்கும் கசிவு பிரேக்கர், நல்ல எர்த், 15 ஆம்பியர் பிளக் ஆகியவை வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி ஆகவே ஆகாது. கடைக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பார்த்து, போதாவிட்டால் மின்வாரியத்தில் விண்ணப்பித்துக் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டு இணைப்பில் போட்டால் மலிவாயிற்றே என்று சிலர் நினைக்கிறார்கள். நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் வண்டி இரண்டு மாதத்தில் 390 யூனிட் குடிக்கும். அது உங்கள் வீட்டு உபயோகத்தின் மேல் ஏறி உட்காரும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். வியாபார வண்டிக்கு வீட்டு இணைப்பைப் பயன்படுத்துவது பற்றிப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வதும் நல்லது. கிடங்குக்குத் தீ இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்கள், வளாகத்தில் வண்டி சார்ஜ் போடுவதைக் கம்பெனிக்குக் கடிதமாகத் தெரிவித்து நகலைப் பாதுகாக்கவும்.

கடைசியாக ஒன்று. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ராணிப்பேட்டையிலும் மின்வாகனத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் வண்டி நின்றால் நமக்கு வேண்டியது தொழிற்சாலை அல்ல, பக்கத்து ஊர் சர்வீஸ் நிலையம். அங்கே நேரில் போய், பழுதுக்கு வந்த வண்டிகள் எத்தனை நாளாக நிற்கின்றன என்று அதன் டிரைவர்களிடமே கேளுங்கள். பிறகு ஷோரூமில் ஒரு நாளைக்கு வண்டியை இரவல் கேளுங்கள். பூ அல்ல, உங்கள் சரக்கையே, வழக்கமான பாரத்துக்கு ஏற்றி, உங்கள் டிரைவரையே வைத்து, உங்கள் லைனில் ஓட்டச் சொல்லுங்கள். காலையில் எத்தனை சதவீதம் சார்ஜ், மாலையில் எத்தனை, ஓடியது எத்தனை கிலோமீட்டர் என்று குறித்து வாருங்கள். அன்றிரவு சார்ஜ் போடும் முன்னும் பின்னும் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். அந்த நாலு எண்களை மேற்சொன்ன கணக்கில் போட்டுப் பார்த்தபின் செக்கில் கையெழுத்திடலாம்.